நாலாம் நம்பர் கூண்டு

— கூண்டப் பாத்துச் சொல்லாதீங்க டாக்டரு. நாயப் பாத்துச் சொல்லுங்க.

— பார்த்தாச்சும்மா. போன வாரம் நாலாம் நம்பர் கூண்டுல விட்டது உங்க பொமரேனியன். செவ்வாய்க்கிழமை நாலாம் நம்பர் கூண்டுலேர்ந்து எடுத்து உங்க வீட்டுக்காரர் கையில குடுத்ததும் உங்க பொமரேனியன். இதுல சந்தேகத்துக்கு இடம் எங்க இருக்கு?

— நீங்க இன்னும் ஒருக்காக்கூட குனியவே இல்லீங்களே. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில இருந்துக்கிட்டே தீர்ப்புச் சொல்றீங்க. இதும் பாவம், கூடைக்குள்ளிருந்து மூஞ்சிய நீட்டி உங்களையத்தான் பாத்துட்டுக் கெடக்குது.

— ஐயா, தாங்கள் தவறாகக் கருதிவிடக் கூடாது. என் துணைவியார் தம் தகப்பனாரின் திதிக்காகக் கொடுமுடிக்குப் போய்விட்டு நேற்று மாலைதான் ஊர் திரும்பினார். பயணக் களைப்பு. அதனால் சொற்கள் சற்றே...

— களைப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நீங்க செத்த சும்மா இருங்க. டாக்டரு, இவரு என்ற வூட்டுக்காரரு. அன்னூரு ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரு. அழகிரிசாமின்னு உங்க சீட்டுல எழுதியிருப்பீங்க. என்ற பேரு கருப்பாத்தாள், அத எங்கியும் எழுத வேண்டாம். நாயி பேரு பவுனு. அதையாச்சும் எழுதி வெச்சீங்களா?

— பேர் எழுதறதில்லைம்மா. நம்பர்தான். அதுதான் எங்க முறை. ஒரே பேர்ல எத்தனையோ நாய் வரும். இப்ப உள்ளே ஜிம்மி மட்டுமே அஞ்சு இருக்கு.

— பவுனு எத்தனை இருக்குதுங்க?

— அம்மா, வெளியில கூட்டம் காத்திருக்கு. சுருக்கமா சொல்லுங்க. இது உங்க நாய் இல்லைன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?

— நேத்து நான் பஸ்ஸ உட்டு எறங்கி வாரேன். பவுனா இருந்திருந்தா ரோட்டு மொனைக்கே ஓடியாந்து என்ற சீலத் தலப்பக் கவ்வி இழுத்துட்டுப் போயிருக்கும். இது என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால நிக்கற புள்ளையாட்டச் செவுத்தோரமா ஒதுங்கி நிக்குது. எனக்கு அங்கியே சுருக்குன்னுச்சு.

— அது ஸ்ட்ரெஸ். ஒரு வாரம் கூண்டுல இருந்துட்டு வந்த நாய் அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்.

— பழகறது கெடக்கட்டுங்க. கோழியப் பாத்து ஓடுது. ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில மேஞ்சிட்டிருந்த பெட்டை ஒண்ணு ஒரு சத்தம் குடுத்துச்சு. இது ஓடிப் போயிக் கட்டிலுக்கடியில பூந்துக்குச்சு. எங்க பவுனு பெருச்சாளியோட கட்டிப் பொரண்டு செயிச்சதுங்க.

— மருந்தோட எஃபெக்ட்டா இருக்கும்.

— பயப்படறதுக்கு மருந்து குடுத்தீங்களா? நாங்க உண்ணிக்குத்தானுங்க கேட்டோம்.

— ஐயா, என் துணைவியார் கேட்பதன் பொருள் யாதெனில், இவ்வளவு மாற்றம் ஒரு வாரத்திற்குள் ஏற்படக் கூடியதுதானா என்பதே. வேறு உள்நோக்கம் ஏதும் இல்லை.

— துணைவியாராம். இருவது வருசமா அம்மணியத் தவிர வேற பேரக் கேட்டதில்ல, ஆர்.எஸ்.புரத்துக்கு வந்ததும் துணைவியாரு ஆயிட்டேன். டாக்டரு, இது சோறும் திங்கலீங்க. கம்மஞ்சோத்துல தயிர ஊத்திப் பெசைஞ்சு வெச்சேன். மோந்து பாத்துப்போட்டு, இத ஆரு திங்கறதுங்கற மாதிரி என்ற மூஞ்சியப் பாக்குது. இவரு போயிப் பேக்கரியில பன்னு வாங்கியாந்து பால்ல நனைச்சு வெச்சாரு. அதத் திங்குது. செவ்வாக்கெழமையிலிருந்து பன்னு வாங்கிப் போட்டிருக்கற மனுசனுக்கு, இது நம்ம நாயில்லையின்னு ஒரு நிமிசம் தோணலைன்னா பாத்துக்கங்க.

— தோன்றியது, அம்மணி.

— என்னது?

— லேசாகத் தோன்றியது என்றுதான் சொன்னேன்.

— எப்பத் தோணுச்சு?

— அதை வீட்டில் போய்ப் பேசிக்கொள்வோம். ஐயாவுடைய நேரம் மிகவும் மதிப்பு வாய்ந்தது.

— அவரு நேரத்த நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போயரலை. டாக்டரு, இப்பக் கூடையத் தொறந்து உடறேன். நீங்களே பாருங்க. பவுனு, வாங்க சாமி. வாங்க, அம்மாகிட்ட வாங்க. பாத்தீங்களா? அசையலை. எங்கூட்டுல நாயாவே இருந்தாலும் மரியாதையாத்தான் கூப்பிடறது. பவுனுன்னா பாதிப் பேச்சுல மடியேறியிருக்கும்.

— நீங்க போடற சத்தத்துல அது மிரண்டிருக்கு. சிட். சிட் டவுன். இதோ பாருங்க, எவ்வளவு அழகா உட்காருது. ஷேக் ஹேண்ட். வெரி குட். இதுக்கு என்னம்மா குறைச்சல்?

— அட சாமீ! கையக் குடுக்குது! ஏனுங்க, பாத்தீங்களா, இங்கிலீசு பேசுது!

— பேசவில்லை அம்மணி. புரிந்துகொள்கிறது.

— எங்கூட்டுல இங்கிலீசு ஆருக்குந் தெரியாதுங்க டாக்டரு. இவருக்குக் கையெழுத்துப் போடற அளவுக்குத்தான். இது எங்கீங்க படிச்சுது?

— எங்ககிட்ட தங்கற நாய்களுக்கு நாங்களே பேசிக் டிரெயினிங் குடுத்துடறோம்.

— ஒரு வாரத்துலயா?

— ஆமா.

— அப்பச் செரி. இவரு ஸ்கூல்ல பத்தாவதுப் பசங்க ஒரு வகுப்பே இங்கிலீசுல பெயிலு. நாளைக்கே ஒரு லாரியில ஏத்திக் கொண்டாந்து உட்டர்றோம். கூண்டு பத்துமாங்க?

— இதோ பாருங்கம்மா, கிண்டல் பண்றதுக்கு இது இடமில்லை. டாக்டர் லட்சுமிநாராயணன்னா கோயமுத்தூர்ல தெரியாத ஆள் கிடையாது. இந்த ஊர்ல பாதி மில் ஓனர் வீட்டு நாய் என் கைக்குத்தான் வருது. ஒருத்தர்கூட இந்த மாதிரி வந்து நின்னதில்லை.

— அவங்க ஊட்டுல நாயப் பாத்துக்கறதுக்கு ஆளு இருக்கும். அந்த ஆளுக்கு, எந்த நாயி வந்தா என்னங்க, சம்பளம் வந்தாச் செரி.

— மன்னிக்க வேண்டும் ஐயா. அவள் மனத்தில் எதையும் வைத்துக்கொண்டு பேசுபவள் அல்லள்.

— அல்லளாம். ஏனுங்க, நீங்க பாடப் புத்தகத்த ஊட்டுல வெச்சுப்போட்டு வந்திருக்கலாமில்ல? இவரு பேசறதக் கேட்டுத்தான் டாக்டரு, போன வாரம் நீங்க எங்களையப் பொருட்டாவே மதிக்கல. அன்னைக்கு நானும் வந்திருந்தேன், மறந்திருப்பீங்க. பவுன இந்த மேசை மேல ஏத்தி நிப்பாட்டினோம். நீங்க கைய வெக்கல. பேனா மொனையால முடிய ஒதுக்கிப் பாத்துப்போட்டு, முடிய மழிக்கோணும், மருந்து தடவோணும், ஒரு வாரம் இருக்கட்டும்னீங்க. கழுத்துப் பட்டையக் கழட்டி அந்தா அந்த ஆணியில மாட்டச் சொன்னீங்க. இப்பவும் பாருங்க, ஆணியில கொத்துக் கொத்தாத் தொங்குது. எந்தப் பட்டை எந்தக் கழுத்துதுன்னு தெரியுமாங்க உங்களுக்கு?

— பட்டையிலதான் உண்ணி முட்டை வைக்கும். அதனால கழட்டறோம். நம்பர் கூண்டுல இருக்கே.

— கூண்டுக்காங்க உண்ணி புடிச்சிருந்தது?

— நான் திரும்பத் திரும்பச் சொல்றேன், முடியை கிளிப் பண்ணிட்டா எல்லா வெள்ளைப் பொமரேனியனும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்களுக்கு அடையாளம் தெரியாமப் போனதுல ஆச்சரியமே இல்லை. கிராமத்துலேர்ந்து வர்றவங்க நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் வரும்.

— கிராமத்துல ஒரு தொழுவுல எட்டு எருமை கட்டியிருப்பாங்க. அத்தனையும் கறுப்பு. அந்த எட்டையும் இருட்டுல தடவிப் பாத்து, இது இன்னதுன்னு சொல்லிப்போடுவோம். ரெண்டு வெள்ளை நாயி, அதும் இந்த டியூப் லைட்டு வெளிச்சத்துல, உங்களுக்கு ஒரே மாதிரி தெரியுது.

— அம்மணி, அமைதியாக. வெளியில் அமர்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

— பாக்கட்டும். இப்பச் சொல்லுங்க, உங்களுக்கு எப்பத் தோணுச்சு?

— என்ன?

— இது பவுனு இல்லையின்னு லேசாத் தோணுச்சுன்னீங்களே. ஊட்டுல தோணுச்சா, பஸ்ஸுல தோணுச்சா?

— சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

— சொல்லுங்க.

— இங்கேயேதான் தோன்றியது. செவ்வாய்க்கிழமை நண்பகல். ஐயா அவர்களே உள்ளே போய்த் தம் கையால் தூக்கிக்கொண்டு வந்து, "எடுத்துட்டுப் போங்க சார், புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று சொன்னார். நான் முகத்தைப் பார்த்தேன். பவுனுடைய முகமாக இல்லை.

— அப்பறம்?

— அப்புறம் என்ன, படித்தவர், பெரியவர், அவ்வளவு அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். இத்தனை பேர் சுற்றிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர் முகத்துக்கு நேரே, "ஐயா, இது என் நாய் இல்லை" என்று எப்படி அம்மணி சொல்வது? அவருக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்.

— என்னன்னு சொன்னீங்க?

— நன்றிங்க என்று சொன்னேன்.

— கேட்டுக்கங்க டாக்டரு. அடுத்தவங்க நாயக் கையில குடுக்கறாங்க, நன்றிங்கன்னு வாங்கிட்டு வந்திருக்காரு. இவரு இன்னைக்கு நேத்தா இப்படி? அவிநாசியில ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. மண்டபம் மாறிப்போச்சு. வாசல்ல நின்னவங்க வாங்க வாங்கன்னு கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. இல்லீங்க, நான் பக்கத்து மண்டபத்துக்கு வந்தவனுங்கன்னு ஒரு வார்த்த சொல்லலாமல்லொ? மனசு நோகுமாம். பந்தியில உக்காந்து சாப்பிட்டு, மேடையேறி மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ஆசீர்வாதம் பண்ணி, போட்டோவுக்கும் நின்னுபோட்டு வந்தாரு. எங்க சொந்தக்காரங்க இன்னைக்கு வரைக்கும் எங்களோட பேசறதில்ல.

— அந்தக் குடும்பத்தார் மிகவும் நல்லவர்கள். இன்றும் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள்.

— பாத்தீங்களா டாக்டரு? இந்த மனுசன நம்பி நாய வாங்கியாரச் சொல்லிப்போட்டு நான் கொடுமுடிக்குப் போனேன் பாருங்க, என்னையச் சொல்லோணும்.

— அவரே வாங்கிட்டுப் போயிட்டாரே. அப்புறம் நான் என்ன பண்ண முடியும்? வாங்கும்போது பார்த்து வாங்கணும். மூணு நாள் கழிச்சுக் கொண்டுவந்து இது எங்களது இல்லைன்னா, துணிக்கடையிலகூட ஒத்துக்க மாட்டாங்க.

— துணிக்கடையில சீல மாறிப்போனா, மொதல்ல சீலய விரிச்சுப் பாப்பாங்க டாக்டரு. நீங்க அதையும் பண்ணலியே. இங்க வாங்க. இந்தக் காதப் பாருங்க.

— காதுக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு.

— அதானுங்க சொல்றேன். நல்லா இருக்குது. எங்க பவுனுக்கு எடது காது நல்லா இருக்காது. பெருச்சாளி கடிச்சு நுனி போயிருச்சு. அருவாளுல ஒரு வெட்டு வெட்டின மாதிரி இருக்கும். இதுக்கு முழுசா இருக்குது. கிழிஞ்ச காது மொளைக்குமாங்க?

— நாங்க போட்ட ஆயின்ட்மென்ட் வெளிநாட்டு மருந்து. புண் இருந்த இடம் தெரியாம ஆறியிருக்கும்.

— புண்ணில்லீங்க. காதே இல்ல. காதே இல்லாத எடத்துல காது வருதுன்னா, அந்த மருந்துல ஒரு டப்பா குடுங்க. எங்கூரு கோயல்ல மூக்கு ஒடைஞ்ச செல ஒண்ணு ரொம்ப நாளா நிக்குது, தடவிப் பாக்கறோம்.

— எந்தக் காதுன்னு சொன்னீங்க?

— எடது.

— நுனியிலயா?

— நுனியில. உள்பக்கமா வளைஞ்சு. இப்பத்தான் குனியறீங்க. நல்லா பாருங்க. தொட்டே பாருங்க, கடிக்காது, இங்கிலீசு தெரிஞ்சது.

— உட்காருங்கம்மா. சார், நீங்களும் உட்காருங்க. ரெண்டு பேரும் எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்கீங்க. காபி சொல்லட்டுமா?

— மிக்க நன்றி ஐயா. தங்களுக்கு எதற்குச் சிரமம்...

— காபி வேண்டாம். இத்தன நேரம் நிக்க வெச்சவரு இப்ப எதுக்குங்க காபி குடுக்கறீங்க?

— இல்லைம்மா, யோசிச்சுப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்னத் தவறு நடந்திருக்கலாம். இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது நல்ல சாதி நாய். பெங்களூர்லேர்ந்து வாங்கின குட்டி. ரெண்டு வயசுதான். ஊசியெல்லாம் கரெக்டா போட்டிருக்கு. உங்க நாயைவிட ஒசத்தி. நீங்களே வெச்சுக்குங்க. ஆயுசுக்கும் இதுக்கு வைத்தியம் என் பொறுப்பு.

— அன்னூரு மாட்டுச் சந்தையா இது, ஒண்ணுக்கு ஒண்ணு ஒசத்தின்னு கயித்த மாத்திக் குடுக்க? எனக்கு எங்க பவுனு வேணும்.

— அம்மணி, ஐயா ஒப்புக்கொண்டுவிட்டார். அதுவே பெருந்தன்மை.

— ஒப்புக்கிட்டாரு செரி. பவுனு எங்கன்னு சொல்லலியே. டாக்டரு, என்ற மவளத் திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. பவுனு அவ எடுத்து வளத்த குட்டி. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம எதுத்தூட்டுக்குப் போன் பண்ணுவா. எங்ககூடப் பேசறாளோ இல்லியோ, ரிசீவரப் பவுனு மூஞ்சிகிட்ட வெக்கச் சொல்லுவா. அது குரைக்கும். அதக் கேட்டுச் சிரிச்சுப்போட்டுத்தான் போன வெப்பா. இப்ப அவ மாசமா இருக்கறா. நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம. நான் இதோட மூஞ்சிகிட்ட ரிசீவர வெச்சா என்ன சொல்லும்? ஹலோங்குமா?

— புரியுதும்மா.

— புரியலீங்க. புரிஞ்சிருந்தா இந்நேரம் போன எடுத்திருப்பீங்க. நடந்தது என்ன? பவுன வேறொரு ஊட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க, அவங்குளுது எங்ககிட்ட வந்திருச்சு. அவ்வளவுதான? அந்த மேசையில போன் இருக்குது. கூப்பிட்டுச் சொல்லுங்க. மாத்திக்கலாம். சண்டையெல்லாம் போட மாட்டேன்.

— அவங்க ஊர்ல இல்லை.

— எப்ப வருவாங்க?

— தெரியாது.

— அப்ப ஊட்ட மட்டும் சொல்லுங்க. காவக்காரரு இருப்பாருல்ல, அவருகிட்டக் கேட்டுக்கறோம்.

— ஆம் ஐயா. தங்களுக்கு எந்தச் சிரமமும் வேண்டாம். நாங்களே நேரில் போய்ப் பக்குவமாக எடுத்துச் சொல்லி மாற்றிக்கொள்கிறோம். தங்கள் பெயருக்கு ஒரு களங்கமும் வராதபடி நான் பார்த்துக்கொள்வேன்.

— வேண்டாம் சார். அங்கே போக வேண்டாம்.

— ஏனுங்க வேண்டாம்? எங்களைய உடுங்க, அவங்களைய நெனச்சுப் பாத்தீங்களா? பன்னும் பாலும் ஊட்டி, இங்கிலீசு சொல்லிக் குடுத்து, எத்தன ஆசையா வளத்திருப்பாங்க இத. இந்நேரம் அந்தூட்டுல அடுப்புப் பத்த வெச்சிருப்பாங்களா? எங்க பவுன வெச்சுக்கிட்டு, இது நம்மதில்லையேன்னு அவங்களும் தவிச்சுட்டுத்தான் இருப்பாங்க. அவங்களும் இவராட்ட நன்றிங்கன்னு வாங்கிட்டுப் போயிட்டு வாயத் தொறக்க முடியாமக் கெடக்கறாங்களோ என்னமோ.

— அம்மா, தயவுசெஞ்சு இதோட விட்டுடுங்க. சொல்றதைக் கேளுங்க. இந்த நாயை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

— மாட்டனுங்க. செரி, நீங்க சொல்ல வேண்டாம். நான் வெளிய போயி அந்த வராந்தாவுல நிக்கறேன். நாயும் பூனையுமா உக்காந்திருக்கறாங்களே, அவங்ககிட்ட ஒரே வார்த்த சொல்றேன். போன தடவ இங்கிருந்து நீங்க கூட்டிட்டுப் போனது உங்குளுதுதானான்னு ஒருக்காப் பாத்துக்கங்கன்னு. அதுக்கு மேல ஒண்ணும் பேச மாட்டேன். வாரனுங்க.

— அம்மணி, நில். வேண்டாம்.

— சார், கதவைச் சாத்துங்க. உட்காருங்கம்மா. சொல்றேன். சத்தம் போடாமக் கேளுங்க.

— சாத்திப்போட்டாரு. சொல்லுங்க.

— இந்த நாய் ரேஸ்கோர்ஸ்ல ஒரு பெரிய வீட்டு நாய். அவங்க புதுசா பங்களா கட்டிக் குடி போயிருக்காங்க. கீழே முழுக்க மார்பிள். இது மார்பிள்ல வழுக்கி வழுக்கி விழுது, மூலைக்கு மூலை ஒண்ணுக்குப் போகுது, சோஃபாவெல்லாம் முடின்னு அவங்களே ஒட்ட வெட்டியும் பார்த்துட்டாங்க. வீட்டம்மாவுக்குப் பிடிக்கலை.

— அதுக்கு வைத்தியம் பண்ணக் கொண்டாந்து உட்டாங்களா?

— வைத்தியத்துக்கு இல்லைம்மா.

— பொறவு?

— ஊசி போட்டு முடிச்சுடச் சொல்லிட்டுப் போனாங்க.

— முடிக்கறதுன்னா?

— கொன்னுடறது. வலியில்லாம.

— சீக்கில்லாத நாயவா?

— சொல்லிப் பார்த்தேன். வேற யாருக்காவது குடுக்கலாமேன்னேன். இன்னொருத்தர் வீட்டுல போய்க் கஷ்டப்பட வேண்டாம்னாங்க. பெரிய இடம். எத்தனையோ வருஷமா என்கிட்ட வர்றவங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரலை.

— த்தூ. அடுப்புப் பத்த வெச்சிருப்பாங்களான்னு அவங்களுக்காவ நான் தவிச்சேன் பாருங்க. வளத்த நாய, ஊட்டுக்காரங்களே... செரி, உடுங்க. நாயி மாறினதுல இதும் பாவம் பொழைச்சுக்குச்சு. இதையும் நாங்களே வெச்சுக்கறோம். ரெண்டு நாயிக்குச் சோறு போட மாட்டமா? பன்னே போட்டாப் போச்சு. அதுக்கு ஏனுங்க உங்க மூஞ்சி இப்படிப் போகுது? டாக்டரு, இது நாலாம் நம்பர் கூண்டுல இருந்துச்சு. அப்பப் பவுனு எந்தக் கூண்டுல இருந்துச்சு?

— செவ்வாய்க்கிழமை காலையில பினாயில் போட்டுக் கூண்டு கழுவற நாள். எல்லா நாயையும் வெளியில எடுத்துக் கட்டுவோம். நரசிம்மலுன்னு ஒரு ஆள்தான் கழுவறது. திருப்பி அடைக்கும்போது மாத்தி அடைச்சுட்டான்.

— அவர இழுக்காதீங்க. பவுன எந்தக் கூண்டுல அடைச்சாங்க?

— ரெண்டுல. ஊசி போட வேண்டியது ரெண்டாம் நம்பர்னு குறிச்சு வெச்சிருந்தேன். ரெண்டாம் நம்பருக்குப் போட்டுட்டேன்.

— நீங்களா?

— நான்தாம்மா.

— அப்பவுங் குனிஞ்சு பாக்கலியா?

— காது நுனி இல்லாம இருந்தது. பார்த்தேன். அப்ப அது ஒண்ணும் தோணலை. நீங்க இப்பச் சொன்ன பிறகுதான்...

— எங்க பவுனு. முடி போன ஒடம்போட, இந்த மேசை மேலயா? இதே மேசையிலயா? ஊசிய எடுத்துட்டு வரயில மருந்து தடவத்தான் வாரீங்கன்னு சும்மா நின்னிருக்கும். நான்தானுங்க போன வாரம் அதுகிட்டச் சொல்லிப்போட்டுப் போனேன், டாக்டரு நல்லவரு, கடிச்சுப்போடாதீங்கன்னு.

— ஐயா.

— சார், உங்க வருத்தம் எனக்குப் புரியுது. இதை வெளியில கொண்டுபோகாம...

— ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த ஊசியைச் செவ்வாய்க்கிழமை எந்த நேரத்தில் போட்டீர்கள்?

— எதுக்கு சார் அதெல்லாம் இப்ப? முடிஞ்சு போச்சு.

— நான் வந்தது நண்பகல். அதற்கு முன்பா?

— ஏனுங்க, அத எதுக்குக் கேக்கறீங்க? வேண்டாங்க. வாங்க, போலாம்.

— இரு அம்மணி. சொல்லுங்கள் ஐயா. நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, அல்லவா? அதற்கு முன்பே முடிந்திருக்கும். காலையிலேயே முடிந்திருக்கும்.

— இவ்வளவு நேரம் தப்பு பூரா என் தலையிலதானே போட்டீங்க. கேட்கறதால சொல்றேன். அந்த வேலையெல்லாம் நாங்க சாயங்காலம் கூட்டம் போனப்புறம்தான் வெச்சுக்கறது. நீங்க இதே இடத்துல நின்னு எனக்கு நன்றி சொன்னப்போ உங்க நாய் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடதான் இருந்தது. நீங்க வாயைத் திறந்ததுலேர்ந்து படியிறங்கிப் போறவரைக்கும் உள்ளே ஒரு நாய் விடாமக் குரைச்சுதே, கேட்கலையா சார்?